சட்டம் எழுதப்படும் மேசைக்கு அருகில் ஒரு நூலகர் வேண்டும்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டுப் பணியாளர்களுக்கெனத் தனியான சட்டப் பாதுகாப்பு வேண்டும் என வலியுறுத்தி உங்கள் பத்திரிகையில் வெளிவரும் கட்டுரைகளையும் வாசகர் கடிதங்களையும் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எழுதியவர்கள் அனைவரும் அரசாங்கத்தையும் மலையகப் பிரதிநிதிகளையும் தொழிற்சங்கங்களையும் நோக்கியே கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். அந்தக் கேள்விகள் நியாயமானவை. ஆயினும் ஒரு நல்ல சமூகச் சட்டம் உருவாவதற்கு முன் அதற்கான தகவல்கள் எங்கே, யாரால் திரட்டப்பட வேண்டும் என்பதைப் பற்றி எவரும் பேசவில்லை. கொழும்பில் நூலக உசாத்துணைப் பகுதியில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்த வேலை நூலகத்துக்கு உரியது என்பதையும், அதை ஒரு நூலகர் முன்னரே செய்து காட்டியிருக்கிறார் என்பதையும் எடுத்துச் சொல்வது என் கடமை என்று கருதுகிறேன்.

அந்த நூலகரின் பெயர் சார்ள்ஸ் மக்கார்த்தி. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத் தலைநகரான மடிசனில், சட்டசபைக் கட்டடத்துக்குள்ளேயே இயங்கி வந்த வரலாற்றுச் சங்க நூலகம் 1900ஆம் ஆண்டில் பல்கலைக்கழக வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. நூல்கள் போன பிறகுதான் சட்டசபை உறுப்பினர்களுக்கு அவற்றின் அருமை தெரிந்தது. அதன் விளைவாக, சட்டசபைக் கட்டடத்தில் உறுப்பினர்களின் பாவனைக்கென ஒரு சிறிய உசாத்துணை நூலகத்தை நடத்தும் அதிகாரம் 1901இல் மாநில நூலக ஆணைக்குழுவுக்கு வழங்கப்பட்டது. அதை நடத்துவதற்கு நியமிக்கப்பட்ட மக்கார்த்தி, மசாசூசெற்ஸ் மாநிலத்தின் பிறொக்டன் என்ற சப்பாத்துத் தொழில் நகரில் அயர்லாந்திலிருந்து குடியேறிய உழைப்பாளிக் குடும்பத்தில் 1873இல் பிறந்தவர். வேலை செய்து கொண்டே படித்தவர். உதைபந்தாட்ட வீரராகப் பெயர் பெற்றவர். அதே 1901இல்தான் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையில் கலாநிதிப் பட்டம் பெற்றிருந்தார். நூலகர் பயிற்சி பெற்றவர் அல்லர். ஆனால், நூலகர் என்ற தொழிலுக்கு அவர் சேர்த்த பொருளை நம்மில் பலர் இன்னும் எட்டவில்லை என்பதே என் எண்ணம்.

அவர் அங்கு கண்ட நிலைமையை விளங்கிக் கொண்டால்தான் அவர் செய்த வேலையின் பெறுமதி விளங்கும். உறுப்பினர்களில் பெரும்பாலோர் விவசாயிகளும் சிறு வர்த்தகர்களும். சபை கூடுவதோ சில மாதங்களுக்கு மட்டுமே. தம் தொகுதி மக்களின் துன்பத்தை அவர்கள் அறிவார்கள். அதைச் சட்ட வாசகமாக எழுத அறியமாட்டார்கள். எழுதத் தெரிந்தவர்களோ புகையிரதக் கம்பனிகளிலும் மரக் கம்பனிகளிலும் சம்பளம் பெற்ற சட்டத்தரணிகள். உறுப்பினர் ஒருவர் நல்ல நோக்கத்துடன் கொண்டு வரும் மசோதாவில் ஒரு சொல் தவறினாலும் நீதிமன்றத்தில் அதை வீழ்த்துவதற்கு அதே சட்டத்தரணிகள் காத்திருந்தார்கள். வேறு மாநிலம் ஏற்கெனவே செய்து பார்த்துத் தோல்வி கண்ட ஏற்பாட்டை, தோல்வி கண்டது என்ற செய்தியே தெரியாமல், அப்படியே பெயர்த்தெழுதிக் கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். ஏழைகளின் பக்கம் நின்ற உறுப்பினரிடம் அக்கறைக்குக் குறைவில்லை. தகவலும் வரைவுத் திறனும் எதிர்ப்பக்கத்தில் குவிந்திருந்ததே கோளாறு.

இதற்கு மக்கார்த்தி கண்ட வழி மிக எளியது, மிக உழைப்பு வேண்டுவது. சபை கூடுவதற்கு முன்பே உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதி, எந்த விடயத்தில் மசோதா கொண்டு வர எண்ணியிருக்கிறீர்கள் என்று கேட்பார். பதில் வந்ததும் அந்த விடயத்தில் வேறு மாநிலங்களிலும் நாடுகளிலும் உள்ள சட்டங்களை வரவழைப்பார். சட்டத்தின் பிரதியோடு அவர் நிற்பதில்லை. அந்தச் சட்டம் நடைமுறையில் எப்படி இயங்குகிறது, எங்கே சறுக்கியது, நீதிமன்றம் என்ன சொன்னது என்று அங்குள்ள அதிகாரிகளுக்கும் தொழிற்சங்கத்தவருக்கும் தொழில் வழங்குநருக்கும் எழுதிக் கேட்பார். பத்திரிகை நறுக்குகள், விசாரணைக் குழு அறிக்கைகள், முன்னைய கூட்டத்தொடர்களில் தோற்றுப்போன மசோதாக்கள், ஆளுநர்களின் உரைகள், தீர்ப்புகள் எல்லாம் விடயவாரியாக ஒரே கோப்பில் சேரும். புத்தகங்களுக்கான வழக்கமான வகைப்படுத்தலை அவர் பெரிதுபடுத்தவில்லை. ஒரு விவசாயி உறுப்பினர் மாலையில் வந்து கேட்டால் மறுநாள் காலைக்குள் அவர் வாசித்து விளங்கக்கூடிய சுருக்கம் கையில் இருக்க வேண்டும் என்பதே அவருடைய ஒழுங்கு. பின்னர் சட்ட வாசகத்தை எழுதிக் கொடுக்கும் வரைவுப் பிரிவும் அந்த நூலகத்துடன் இணைந்தது.

1911ஆம் ஆண்டு இந்த உழைப்பின் பலன் தெரிந்தது. அதுவரை தொழிற்சாலையில் கை இழந்த தொழிலாளி நட்டஈடு பெற வேண்டுமானால் முதலாளிக்கு எதிராக வழக்குத் தொடர வேண்டும். வேலையின் ஆபத்தை அறிந்தே சேர்ந்தாய், தவறு உன் சக தொழிலாளியுடையது, நீயே கவனக்குறைவாக இருந்தாய் என்ற மூன்று வாதங்களில் ஏதாவது ஒன்றால் வழக்கு பெரும்பாலும் தோற்கும். இந்த நிலையை மாற்ற நியூயோர்க் மாநிலம் 1910இல் கட்டாய நட்டஈட்டுச் சட்டம் ஒன்றைக் கொண்டு வந்தது. 1911 மார்ச் 24ஆம் திகதி அந்த மாநிலத்தின் உயர் மேன்முறையீட்டு நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறி இரத்துச் செய்தது. மறுநாள் நியூயோர்க் நகரில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றி 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் புலம்பெயர்ந்த குடும்பங்களைச் சேர்ந்த இளம் பெண்கள். நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட ஒரு சட்டம் நிலைத்து நிற்காமற் போனால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை இந்த இரண்டு நாட்களும் சேர்ந்து சொல்கின்றன.

விஸ்கொன்சினில் இத்தகைய தடை வரக்கூடும் என்பதை எதிர்பார்த்தே வரைவு தயாரிக்கப்பட்டது. சட்டசபைக் குழுவொன்று முன்கூட்டியே விசாரணை நடத்தி, இரு தரப்பினரின் சாட்சியங்களையும் கேட்டு, வெளிநாட்டு முறைகளையும் ஆராய்ந்திருந்தது. நட்டஈட்டு முறையில் சேர வேண்டும் என்று முதலாளியை அவர்களுடைய சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் சேராத முதலாளி மேலே சொன்ன பழைய வாதங்களில் முக்கியமானவற்றை நீதிமன்றத்தில் பயன்படுத்தும் உரிமையை இழப்பார் என்று ஏற்பாடு செய்தது. 1911 மே மாதத்தில் கையொப்பமிடப்பட்ட அந்தச் சட்டத்தை மாநில உயர் நீதிமன்றம் அதே ஆண்டிலேயே செல்லுபடியாகும் என்று தீர்ப்பளித்தது. ஒரே நோக்கம் கொண்ட இரண்டு சட்டங்களில் ஒன்று விழுந்தது, மற்றது நின்றது. அதே கூட்டத்தொடரில் வருமான வரிச் சட்டம், தொழில் ஆணைக்குழுச் சட்டம், பெண் தொழிலாளரின் வேலை நேரத்தை நாளொன்றுக்கு 10 மணித்தியாலமாகவும் வாரத்துக்கு 55 மணித்தியாலமாகவும் மட்டுப்படுத்திய சட்டம், தொழிற்கல்விச் சட்டம் ஆகியனவும் நிறைவேறின. தொழிற்கல்விச் சட்டத்துக்காக மக்கார்த்தி தாமே ஜேர்மனிக்குச் சென்று அங்குள்ள பாடசாலைகளைப் பார்த்து வந்து அறிக்கை எழுதினார்.

இவை அனைத்தையும் ஒரு நூலகர் தனியாகச் சாதித்தார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது உண்மைக்கும் அவருக்கும் செய்யும் அநீதி. றொபேட் லா பொலெட், பிரான்சிஸ் மக்கவர்ன் என்ற இரண்டு ஆளுநர்களின் அரசியல் துணிவு இருந்தது. பொருளியல் பேராசிரியர் ஜோன் கொமன்சும் அவருடைய மாணவர்களும் இருந்தார்கள். மில்வோக்கி நகரத்துத் தொழிற்சங்கங்களும் சோசலிச உறுப்பினர்களும் இருந்தார்கள். மக்கள் போராடாத இடத்தில் நூலகத்தால் சட்டம் பிறக்காது. ஆனால் போராட்டம் வென்று சபையின் வாசலுக்கு வந்த பிறகு, கோரிக்கை எந்த வடிவில் உள்ளே போகிறது என்பதைத் தீர்மானித்த அறை அந்த நூலகம்.

இன்னொரு விடயத்தை நம் நாட்டுச் சூழலில் குறிப்பாக அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த நூலகத்தில் கண்டிப்பான விதியொன்று இருந்தது. உறுப்பினர் ஒருவர் எழுத்தில் கேட்டுக் கையொப்பமிட்டால் மட்டுமே மசோதா வரையப்படும். மசோதாவின் உள்ளடக்கம் பற்றி ஊழியர்கள் தாமாக ஆலோசனை கூறமாட்டார்கள். எந்தக் கட்சி உறுப்பினர் கேட்டாலும் ஒரே அளவு சேவை. மக்கார்த்தி சொந்த வாழ்வில் நடுநிலையாளர் அல்லர். சீர்திருத்தத்தில் தீவிரப் பற்றுள்ளவர். 1912இல் தம் மாநிலத்தின் சீர்திருத்த முயற்சிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1918இல் செனட் சபைப் பதவிக்குப் போட்டியிட முயன்று கட்சிக்குள்ளேயே தோற்றார். அத்தகைய ஒருவர் நடத்திய நூலகத்தை மசோதாத் தொழிற்சாலை என்று எதிரணியினர் தாக்கியதில் வியப்பில்லை. அதை மூடிவிடுவேன் என்ற தோரணையில் பிரசாரம் செய்து 1914இல் ஆளுநராகத் தெரிவான இமானுவல் பிலிப், பதவியேற்ற பின் அதன் வேலையை நேரில் ஆராய்ந்து அதைத் தொடர்ந்து இயங்கவிட்டார். தாக்கியவரே காப்பாற்றும்படி செய்தது அந்த எழுத்து விதிதான் என்று நான் நம்புகிறேன். அதே 1914இல் விஸ்கொன்சினின் முன்மாதிரியைப் பின்பற்றி வொஷிங்டனில் கொங்கிரஸ் நூலகத்திலும் சட்டவாக்க உசாத்துணைப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. மக்கார்த்தி 1921இல் காலமானார். 48 வயதைக்கூட அவர் தாண்டவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். சமூகச் சட்டங்களில் இலங்கை பின்தங்கிய நாடு அல்ல. தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டம் 1927இல் வந்தது. சர்வசன வாக்குரிமையுடன் 1931இல் உருவான அரசாங்க சபை, காலிமுகக் கட்டடத்தில் இருந்தபடி 1934இல் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தையும், 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தையும், 1941இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தையும் நிறைவேற்றியது. சாதியின் பேரால் பொது இடங்களில் மனிதரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் வந்தது. அது ஏட்டிலிருந்து கோயில் வாசலுக்கும் தேநீர்க்கடைக்கும் வருவதற்கு அதன் பிறகும் எத்தனை போராட்டங்கள் வேண்டியிருந்தன என்பதை வடபகுதி மக்கள் அறிவார்கள். இத்தனை சட்டங்களின் வரிசையில் வீட்டுப் பணியாளர் எங்கே நிற்கிறார்? அவர்களுக்கெனத் தனியாக இயற்றப்பட்டது 1871ஆம் ஆண்டின் பதிவுக் கட்டளைச் சட்டம். அது வேலை செய்பவரைப் பாதுகாப்பதைவிடக் கண்காணிப்பதையே நோக்கமாகக் கொண்டது. அவர்களுக்குச் சம்பளச் சபை அமைக்கப்படவில்லை. 2016இல் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் நிறைவேறியபோது, தொழிலாளி என்ற வரைவிலக்கணத்துக்குள் வீட்டுப் பணியாளர் சேர்க்கப்படவில்லை. கொழும்பில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கறுவாத்தோட்டத்திலும் வீடுகளில் சமைத்தும் துவைத்தும் முதியோரைப் பராமரித்தும் வாழும் மலையகத் தமிழ்ப் பெண்களைப் பற்றியே இதை எழுதுகிறேன். அந்த வீடுகளில் எம் தமிழர் வீடுகளும் பல.

மக்கார்த்தி இன்று கொழும்பில் இருந்தால் இந்த விடயத்துக்கு ஒரு கோப்பைத் திறந்திருப்பார். அதில் முதலில் சேர வேண்டியது சர்வதேசத் தொழில் தாபனம் 2011 ஜூனில் ஏற்றுக்கொண்ட, வீட்டுப் பணியாளரின் உரிமைகள் பற்றிய 189ஆம் இலக்கச் சமவாயம். அடுத்து, பிலிப்பைன்ஸ் 2013இல் இயற்றிய வீட்டுப் பணியாளர் சட்டம்: எழுத்து மூல ஒப்பந்தம், வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணித்தியால ஓய்வு, 15 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைக்கத் தடை ஆகியன அதில் உள்ளன. தமிழ்நாடு 2007இல் வீட்டுப் பணியாளருக்கென அமைத்த நலவாரியத்தின் அனுபவம் நமக்கு மிக அண்மையானது. அதன் ஆவணங்களை நம் மொழியிலேயே வாசிக்கலாம், அதன் குறைகளையும் அங்குள்ள சங்கத்தவரிடம் தமிழிலேயே கேட்டறியலாம். தென்னாபிரிக்காவின் பாடம் இன்னும் கூர்மையானது. வேலை செய்த வீட்டின் நீச்சல் தடாகத்தில் மூழ்கி இறந்த பணிப்பெண் ஒருவரின் மகள், வீட்டுப் பணியாளரை விபத்து நட்டஈட்டுச் சட்டத்திலிருந்து விலக்கி வைத்தது தவறு என்று வழக்காடி, 2020 நவம்பரில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றத்தில் வெற்றி பெற்றார். சட்டத்தின் வரைவிலக்கணப் பிரிவில் விடுபட்ட ஒரு தொழிலின் பெயர் ஒரு குடும்பத்துக்கு என்ன செய்யும் என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. நமது 2016ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன் இத்தகைய ஒரு கோப்பு தமிழ் உறுப்பினர் ஒருவரின் கையில் இருந்திருந்தால், அவர் அந்த வரைவிலக்கணத்தைக் குழுநிலை விவாதத்தில் கேள்விக்கு உட்படுத்தியிருக்க முடியும்.

நம் நாட்டில் இந்த வேலைக்கு இன்னொரு அவசரமும் உண்டு. நமது அரசியலமைப்பின்படி சட்டமூலம் ஒன்று வர்த்தமானியில் வெளியாகி ஒழுங்குப் பத்திரத்தில் சேர்க்கப்பட்ட பின், அரசியலமைப்பில் குறித்த சில நாட்களுக்குள் மட்டுமே குடிமகன் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் அதை எதிர்க்கலாம். சபாநாயகர் சான்றுரைத்துவிட்டால், 80ஆம் உறுப்புரையின் காரணமாக, அந்தச் சட்டம் செல்லுபடியாகாது என்று எந்த நீதிமன்றத்திலும் வாதிட முடியாது. விஸ்கொன்சினிலோ நியூயோர்க்கிலோ சட்டம் நிறைவேறிய பின்பும் நீதிமன்றம் அதை இரத்துச் செய்யலாம். இங்கே பிழை முன்கூட்டியே கண்டுபிடிக்கப்படாவிட்டால் அது அப்படியே நிலைத்துவிடும். ஆகவே அந்தச் சில நாட்களில் ஒரு தோட்டத் தொழிற்சங்கத்தின் செயலாளரோ, கொட்டாஞ்சேனை மாதர் சங்கத்தின் தலைவியோ சட்டமூலத்தைத் தமிழில் வாசித்து, அது எந்த முன்னைய சட்டத்தை மாற்றுகிறது என்று அறிந்து, யாரிடம் என்ன கேட்பது என்று முடிவு செய்ய வேண்டும். என் பணிக்காலத்தில் அப்படி வந்து கேட்டவர்களுக்கு நான் எடுத்துக் கொடுக்க முடிந்தவை பெரும்பாலும் ஆங்கிலப் பிரதிகளே. வழக்குத் தீர்ப்புகள் ஒரு நூலகத்தில், பழைய கட்டளைச் சட்டங்கள் இன்னொன்றில், பாராளுமன்ற விவாதப் பதிவான ஹன்சார்ட் வேறொன்றில் என்று சிதறிக் கிடந்தன. கூலி வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு வந்தவரை இன்னொரு கட்டடத்துக்குப் போகச் சொல்வது எனக்கு என்றும் வேதனையாகவே இருந்தது.

பாராளுமன்றத்துக்கு என்று நூலகமும் ஆராய்ச்சிப் பிரிவும் இருக்கின்றனவே என்று கேட்கப்படலாம். அவை உறுப்பினர்களுக்கானவை, உறுப்பினரிடம் கோரிக்கையோடு போகும் மக்களுக்கு இப்படி ஒரு மேசை இல்லை. எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. சட்டத்தின் வாசகம் கிடைக்கிறது; அது நடைமுறையில் எங்கே சறுக்கியது என்பதை அறிய யாராவது ஒருவர் எழுதிக் கேட்க வேண்டும், வந்த பதிலைச் சரிபார்க்க வேண்டும், தமிழில் சுருக்க வேண்டும். அது பயிற்சி பெற்ற மனிதரின் வேலை. மேலும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நூலகர்கள் கையில் உள்ள வலுவான கருவி. திணைக்களங்களிடமிருந்து வெளிவராத அறிக்கைகளை அதன் மூலம் கேட்டுப் பெற்றுப் பொதுக் கோப்பில் சேர்க்க எந்த நூலகரும் முயலலாம்.

ஆகவே கொழும்பு மாநகர சபையிடமும் நகரின் தமிழ் உறுப்பினர்களிடமும் என் கோரிக்கை இதுதான். 1925ஆம் ஆண்டு முதல் இயங்கும் கொழும்புப் பொது நூலகத்தில் சட்டவாக்க உசாத்துணை மேசை ஒன்று தொடங்கப்பட வேண்டும். புதிய கட்டடம் தேவையில்லை. தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் நன்கு அறிந்த இரண்டு அலுவலர்கள், சில அலுமாரிகள், ஒரு கணினி, தபால் செலவு, இவை போதும். வர்த்தமானியில் வெளியாகும் ஒவ்வொரு சமூகச் சட்டமூலத்துக்கும் அது எதை மாற்றுகிறது, எந்த நாட்களுக்குள் எதிர்க்கலாம் என்பதைக் கூறும் ஒரு தமிழ்ச் சுருக்கம் அந்த வாரத்துக்குள் தயாராக வேண்டும். அது வெள்ளவத்தையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் ஹட்டன், நுவரெலியா, பதுளை நூலகங்களுக்கும் அனுப்பப்பட வேண்டும். கேட்பவர் முதலாளியாயினும் தொழிலாளியாயினும், ஆளும் கட்சியாயினும் எதிர்க்கட்சியாயினும் ஒரே சேவை என்ற விதியும், எழுத்தில் கேட்டாலன்றி எதுவும் வரையப்படமாட்டாது என்ற விதியும் மூன்று மொழிகளிலும் அந்த மேசைக்கு மேல் எழுதி வைக்கப்பட வேண்டும். முதற் கோப்பு வீட்டுப் பணியாளர் பற்றியதாக இருக்கட்டும். அதைத் திரட்டுவதற்கு ஊதியமின்றி என் நேரத்தைத் தர ஆயத்தமாக இருக்கிறேன். என்னைப் போல ஓய்வுபெற்ற தமிழ் நூலகர்கள் இந்நகரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களும் முன்வருவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.